களிம்பு

போன கார்த்திகையில் ஓர் இரவு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கோட்டக்குப்பம் முடிந்து புதுச்சேரியின் முத்தியால்பேட்டை தொடங்கப்போகும் இடம். தெருவிளக்குகள் இரண்டு எரியவில்லை. எதிரே சைக்கிளில் ஒரு பெரியவர் வந்தார். ஹேண்டில் பாரில் துணிப்பை, பின்னால் கேரியரில் கட்டிய தூக்குச்சட்டி. என் ஹெட்லைட் பிரைட்டில் இருந்தது. டிம்முக்கு மாற்ற இடது பெருவிரலால் சுவிட்சைத் தள்ளினேன். சுவிட்ச் நகர்ந்தது, 'டிக்' என்ற சத்தமும் கேட்டது. வெளிச்சம் இறங்கவில்லை. மறுபடி தள்ளினேன். அதற்குள் அவர் ஒரு கையை எடுத்துக் கண்ணுக்கு மேல் கூரைபோல் பிடித்தார். சைக்கிள் தார் விளிம்பிலிருந்து இறங்கிச் சேற்றில் புதைந்தது. விழவில்லை, காலை ஊன்றிக்கொண்டார். நான் வண்டியை நிறுத்தினேன்.

"லைட்ட எறக்கக் கூடாதாப்பா?" என்றார். குரலில் கோபமில்லை, களைப்புதான்.

"சுவிட்சு வேலை செய்யலைங்க ஐயா."

அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லாமல், சேற்றில் சிக்கிய செருப்பைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வீடு வந்து சேரும்வரை என் பதிலே என்னைக் குடைந்தது. அந்தச் சுவிட்ச் ஒரு மாதமாகவே அப்படித்தான் இருந்தது. இரண்டு முறை தள்ளினால் ஒரு முறை பிடிக்கும். அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிரைட்டில் எனக்குச் சாலை நன்றாகவே தெரிந்தது. ஆகவே விட்டுவைத்திருந்தேன்.

மோட்டார்சைக்கிளில் எஞ்சின் ஓட்டுபவனுக்கு. சீட்டு அவனுக்கு, பெட்ரோல் அவனுக்கு, கியர் அவனுக்கு. கைப்பிடிகளை ஒட்டி, உள்ளங்கையளவுகூட இல்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு சுவிட்ச் பெட்டிகளில் பெரும்பகுதி மட்டும் மற்றவர்களுக்கு. ஹாரன் முன்னால் போகிறவருக்கு. இண்டிகேட்டர் பின்னால் வருகிறவருக்கு. டிம் எதிரே வருகிறவருக்கு. பிரேக் லிவரின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் சின்னஞ்சிறு சுவிட்ச்கூட நம் முதுகுக்குப் பின்னால் வருபவரிடம் 'நிற்கப்போகிறேன்' என்று சொல்வதற்காகவே இருக்கிறது. முகம் தெரியாதவர்களோடு பேச வண்டிக்கு வாய்த்த வாய் அது. கியர் கெட்டால் வண்டி நின்றுவிடும். அன்றைக்கே மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவோம். வாய் கெட்டால் வண்டி நிற்காது. அதனால்தான் ஊமை வண்டிகள் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மறுநாள் காலை மணிக்கூண்டுப் பக்கமிருக்கும் சந்தில், நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அறுபதை நெருங்கும் அண்ணன். தகப்பனார் தறி நெய்தவர்.

"முழு சுவிட்ச் செட்டையே மாத்திடலாமாண்ணே?"

"எதுக்கு மாத்தணும்? மொதல்ல தொறந்து பாப்பம். உப்புதான் பூந்திருக்கும் தம்பி."

அவர் செய்ததைப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினார். பிறகு ஒரு பழைய வெள்ளைத் துண்டை பெட்ரோல் டாங்கின் மேல் விரித்தார். அது எதற்கென்று பிறகுதான் தெரிந்தது. சுவிட்ச் பெட்டியின் அடியில் இரண்டு திருகுகள். துருப்பிடித்த திருகைத் திருப்புளியை வைத்து உடனே முறுக்கக் கூடாது, தலை மழுங்கிவிடும். எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, திருப்புளியின் பிடியில் மெல்ல இரண்டு தட்டு தட்டி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து திருகினார். அசைந்துகொடுத்தது. பெட்டி மல்லாட்டை ஓடுபோல் இரண்டாகப் பிளந்தது. பிளந்த நொடியில் மிளகளவுள்ள ஓர் எஃகுக் குண்டு எகிறித் துண்டில் விழுந்தது. அதன் பின்னால், நகக்கணுவளவுகூட இல்லாத ஒரு ஸ்பிரிங்.

அந்தக் குண்டும் ஸ்பிரிங்கும்தான் 'டிக்' சத்தம். சுவிட்சைத் தள்ளும்போது குண்டு ஒரு பள்ளத்திலிருந்து எழும்பி அடுத்த பள்ளத்தில் இறங்குகிறது. அந்த இறக்கத்தைப் பெருவிரல் உணர்கிறது. கண் சாலையிலிருந்து விலகாமலேயே கைக்கு 'மாறிவிட்டது' என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அன்றிரவு என் பெருவிரலுக்குக் கிடைத்தது வெறும் குண்டின் சொல். குண்டு இடம் மாறியது, சத்தம் வந்தது. அதன் அடியில் கூடவே நகர வேண்டிய பித்தளைத் தகடு மட்டும் நகரவில்லை. தகட்டைப் பிடித்து இழுக்கும் பிளாஸ்டிக் மூக்கு தேய்ந்திருந்தது. தகடோ, தொழிற்சாலையில் என்றோ வைத்த கிரீஸ் தூசியோடு சேர்ந்து பிசினாகக் கெட்டிப்பட்டதில் ஒட்டிக் கிடந்தது. தகட்டைச் சுற்றிலும், முனைகளிலும், வயர் பற்றவைத்த ஈயத்தைச் சுற்றிலும் பச்சை. பாசி போன்ற பச்சை இல்லை. கோயில் மணியின் விளிம்பில், பழைய பூசைத் தாம்பாளத்தின் வரம்பில் பார்ப்போமே, அந்த வெளிறிய நீலம் கலந்த பச்சை.

"களிம்பு" என்றார் அண்ணன். வேறு எந்தப் பெயரும் அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. இந்தப் பச்சைக்குத் தமிழில் ஆயிரம் வருடப் பெயர் இருக்கிறது.

களிம்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் முத்தியால்பேட்டைக்காரர்கள் கிழக்கே கை காட்டுவார்கள். சோலை நகர், வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் என்று இந்தக் கரையோரம் ஒருகாலத்தில் மணல் இருந்தது, படகு இழுத்துப் போட இடம் இருந்தது. 1980களின் இறுதியில் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல்சுவர்கள் கடலுக்குள் நீண்டன. வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துபோகும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டது. வடக்கே மணல் கரைந்தது, அந்த இடத்தில் பாறைகளைக் கொட்டினார்கள். மணலில் ஏறி மெல்ல ஓய்ந்துபோகும் அலை வேறு, பாறையில் முட்டித் தூளாகச் சிதறும் அலை வேறு. அந்தத் தூள் காற்றோடு தெருவுக்குள் வருகிறது. மொட்டைமாடிக் கொடியில் காயும் துணியில் அது தெரியும், ஜன்னல் கம்பியில் தெரியும், கண்ணாடியைத் துடைத்த விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும்.

உப்பு தனியே இருந்தால் ஒன்றும் செய்யாது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். புதுச்சேரியில் ஐப்பசி முதல் மார்கழி வரை அந்த அளவைத் தாண்டாத இரவு அரிது. சுவிட்ச் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் உப்புத்தூள் ஒவ்வோர் இரவும் கசிந்து, ஒவ்வொரு பகலும் காய்ந்து, பித்தளையிலிருக்கும் செம்பைச் சிறிது சிறிதாகத் தின்கிறது. செம்போடு உப்பின் குளோரினும் காற்றின் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்த பொருள்தான் களிம்பு. வெளியே நிறுத்தும் வண்டிக்கு இது ஒரே மழைக்காலத்தில் நடந்துவிடும்.

சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வந்தே தீரும். நெல்லுக்கு உமி, செம்புக்குக் களிம்பு, உயிருக்கு ஆணவம். ஆணவம் நடுவில் வந்து ஒட்டியதில்லை, உயிர் இருந்த நாள் தொட்டே உடன் இருப்பது என்பதற்கு அவர்கள் காட்டும் உவமை இது. பள்ளி நாட்களில் கேட்டபோது உவமை எனக்குத் தவறாகப் பட்டது. களிம்பு வெளியிலிருந்து வருவதுதானே, தேய்த்தால் போய்விடுகிறதே என்று நினைத்தேன். அண்ணனின் துண்டில் கிடந்த தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் சரியாகப் புரிந்தது. பச்சையைச் சுரண்டினால் அதன் அடியில் ஒரு குழி. களிம்பு செம்பின்மேல் வந்து உட்கார்ந்த அழுக்கு இல்லை. செம்பேதான் களிம்பாக மாறியிருக்கிறது. உப்பும் ஈரமும் வெளியிலிருந்து வந்த சாக்கு. பிரைட்டில் எனக்குச் சாலை நன்றாகத் தெரிகிறது என்று ஒரு மாதம் விட்டுவைத்தேனே, அதற்கு மழையையும் கடலையும் நான் சாக்குச் சொல்ல முடியாது.

களிம்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றும். நடுவில் அந்தப் பச்சைப் படலம் இருக்கும். 12 வோல்ட் வண்டியில் 35 வாட் பல்பு ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். சுவிட்சின் முனையில் அரை ஓம் தடை உண்டானால் 1.5 வோல்ட் அங்கேயே செலவாகிவிடும். எட்டில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் இழை பல்பில் மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிட அதிகமாகக் குறையும். எட்டில் ஒரு பங்கு மின்னழுத்தம் போனால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். போன மின்சாரம் எங்கே போயிற்று? சுவிட்சுக்குள்ளேயே சூடாக மாறியது. நாலரை வாட் சூடு, விரல்நுனியளவு இடத்தில். அந்தச் சூட்டில் ஸ்பிரிங் தளர்கிறது, பிளாஸ்டிக் இளகுகிறது, தொடுகை இன்னும் மோசமாகிறது, சூடு இன்னும் ஏறுகிறது. 'பல்பு மங்கலா எரியுது' என்று வருகிறவர்கள் பாதிப்பேர் புதுப் பல்பு வாங்கிக்கொண்டு வருகிறார்கள், குற்றமெல்லாம் சுவிட்சில் இருக்கிறது என்றார் அண்ணன்.

அடுத்து அவர் களிம்பை எடுத்த விதம். நான் உப்புத்தாளை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். உப்புத்தாள் களிம்பை எடுக்கும். கூடவே மேல்பூச்சையும் எடுத்துவிடும், கீறல் போடும். கீறலில் அடுத்த மழைக்கு உப்பு இன்னும் வசதியாக உட்காரும். பெட்ரோலில் நனைத்த பல்துலக்கும் பிரஷால் முதலில் பழைய கிரீஸை வழித்தார். பிளாஸ்டிக்கில் பெட்ரோல் நெடுநேரம் ஊறக் கூடாது என்று உடனே துடைத்தார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் அழிக்கும் ரப்பரைச் சின்னதாக வெட்டி, தகட்டின் தொடுமுனைகளை அதனால் தேய்த்தார். பச்சை மெல்ல மெல்ல ரப்பர்த் துகளோடு உதிர்ந்தது. அடியிலிருந்து மஞ்சள் எழுந்தது.

"புளி போட்டா சீக்கிரம் போயிடுமேண்ணே" என்றேன். என் அம்மா வெள்ளிக்கிழமை தோறும் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவதைப் பார்த்து வளர்ந்தவன்.

"போவும். ஆனா வெளக்கக் கழுவற மாரி இதக் கழுவி வெயில்ல வெக்க முடியுமா? புளித்தண்ணி சந்துல நின்னுடும். அதுவே அப்பறம் அரிக்கும்."

அவர் சொன்னது சரி. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும். கழுவி எடுக்காவிட்டால் செம்பையும் கரைக்கும். ஆனால் 'வெளக்க' என்று அவர் சொன்ன சொல் என் காதில் நின்றுவிட்டது. எரியும் பொருளும் விளக்கு. துலக்கித் தேய்ப்பதும் விளக்குவது. புரியாததைப் புரியவைப்பதும் விளக்குவது. மூன்றும் தமிழுக்கு ஒரே வேர். ஹெட்லைட்டை எரியவைப்பதற்காக ஒருவர் என் முன் பித்தளையை விளக்கிக்கொண்டிருந்தார், விளக்கும்போதே எனக்கு விளக்கிக்கொண்டுமிருந்தார்.

தேய்ந்த பிளாஸ்டிக் மூக்குக்கு மருந்து அவருடைய பிஸ்கட் டின்னில் இருந்தது. கழற்றிப்போட்ட பழைய சுவிட்சுகளின் உறுப்புகள் அதில் நிறையக் கிடந்தன. குண்டுகள் தனியே ஒரு மாத்திரைக் குப்பியில். பொருந்துகிற மூக்கு ஒன்றைத் தேடி எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. சென்னையில் இதற்குப் புதுப்பேட்டை என்று ஒரு பேட்டையே இருக்கிறது. புது உறுப்பு வேண்டுமானால் ஜி.பி. ரோடு. முத்தியால்பேட்டையில் இருப்பது இந்த பிஸ்கட் டின். மூக்கைப் பொருத்தி, தொடுமுனைகளில் வாஸ்லினை நகத்தால் தொட்டு மெல்லிய படலமாக வைத்து, குண்டை ஸ்பிரிங்கின் மேல் உட்காரவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியை மூடினார்.

வேலை முடிந்தது என்று நான் எழுந்தபோது அவர் ஹாரனை அழுத்திக்கொண்டே ஹேண்டில் பாரை இடமும் வலமும் திருப்பினார். இடக்கோடியில் ஹாரன் நின்றது, நேராக்கினால் அடித்தது. "இது சுவிட்ச் இல்ல" என்றார். ஹேண்டிலின் கழுத்தருகே வயர்க் கொத்து ஒவ்வொரு திருப்பத்துக்கும் வளைந்து நிமிர்கிறது. வருடங்கள் போனால் மேலுறை அப்படியே இருக்க உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக முறியும். சுவிட்சைக் குற்றம் சொல்வதற்கு முன் கழுத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் பாடம். உறையைக் கீறி, முறிந்த இடத்தைக் கண்டு, இரண்டு முனைகளையும் விரித்து, இழைகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து முறுக்கினார். முறுக்கிய இடம் வயரின் மற்ற பகுதியைவிடத் தடிமனாகத் தெரியவில்லை. ஈயம் வைத்தார். உறைக்குழாயைச் சூடு காட்டிச் சுருக்கினார்.

அந்த விரல்களை நான் வேறெங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. பாவு முடியும் தறுவாயில் புதுப் பாவின் இழையைப் பழைய இழையோடு ஒன்றொன்றாகப் பிணைக்கும் நெசவாளர்களின் விரல்கள் அவை. முடிச்சு அச்சில் மாட்டக் கூடாது. துணியில் தடிப்பாகத் தெரியக் கூடாது. இந்தப் பேட்டை அந்த விரல்களால் ஆன ஊர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து அவுரி நீலம் தோய்த்த துணி கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போயிற்று. அங்கே கருவேலப் பிசினுக்கு விலையாக அந்த நீலத் துணியைத்தான் கொடுத்தார்கள். அந்த வியாபாரத்துக்கு நூல் இழைத்தவர்கள், நெய்தவர்கள், சாயம் தோய்த்தவர்கள் எல்லாம் இந்த மாதிரியான பேட்டைகளில் இருந்தவர்கள். தறிச் சத்தம் இப்போது அரிதாகத்தான் கேட்கிறது. கைத்தொழில் போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் கையைத் தேடிப் பார்ப்பதில்லை. அது வேறு இழைக்கு மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

சுவிட்ச் கட்டைவிரலின் அடிக்கு வந்து சேர்ந்ததே ஒரு பயணம். பழைய புல்லட்டில் ஹாரனும் டிம்-டிப்பும் ஹேண்டில் பாரில் இருந்தாலும் விளக்கு எரிக்கும் சுவிட்ச் ஹெட்லைட்டின் தலைமேல், ஆம்பியர் முள்ளுக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் திருகக் கையைப் பிடியிலிருந்து எடுத்தாக வேண்டும். ஹெட்லைட்டைக் கவிந்திருக்கும் அந்த உலோகக் கூட்டுக்கு ராயல் என்ஃபீல்டு வைத்த பெயர் 'காஸ்கெட்'. பிரெஞ்சில் முன்விளிம்பு வைத்த தொப்பி. போலீஸ்காரர் சிவப்புக் கெப்பி அணிந்து நிற்கும் ஊரில் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. 1958-ல் ஜப்பானில் வந்த ஹோண்டா சூப்பர் கப்பில் இடக்கைக்குக் கிளட்ச் லிவரே வைக்கவில்லை. ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திப் போகும் கடைப்பையன்களும் ஓட்ட வேண்டும் என்பது கணக்கு. அதன் பிறகு வந்த வண்டிகளில் பேச வேண்டியவை எல்லாம் ஒவ்வொன்றாகப் பெருவிரலுக்குக் கீழே குடிவந்தன. கை பிடியை விடாமல், கண் சாலையை விடாமல் பேச முடிந்தது. இது சின்ன விஷயமில்லை. கை காட்டித் திரும்பிய காலத்தில் மழையில், குடும்பத்தோடு, ஒற்றைக் கையில் ஹேண்டிலைப் பிடித்துத் திரும்பியவர்களைக் கேட்டால் தெரியும்.

இதைச் சொல்லும்போது, மெக்கானிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் 'டைரக்ட்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சுவிட்ச் வேலை செய்யவில்லையா, அதை விலக்கிவிட்டு இரண்டு வயரையும் நேராக முறுக்கிவிடுவது டைரக்ட். வலக்கைப் பக்கம் சிவப்பாக இருக்கும் எஞ்சின் நிறுத்தும் சுவிட்சுக்குத்தான் இந்தக் கதி அதிகம். யாரும் அதைத் தொடுவதில்லை, தொடாததால் களிம்பு ஏறுகிறது, ஏறியதும் ஓடும் வண்டி திடீரென்று நின்றுபோகிறது. உடனே டைரக்ட். நான் இதை ஏற்க மாட்டேன். ஆக்ஸிலேட்டர் ஒயர் சிக்கி எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும்போது, அல்லது வண்டி சாய்ந்து பெட்ரோல் சிந்தும்போது, சாவியைத் தேடாமல் அணைக்க இருக்கும் ஒரே வழி அது. அதைக் களிம்பேறாமல் காக்கப் பெரிய வித்தை வேண்டாம். வாரம் ஒருமுறை சாவிக்குப் பதிலாக அந்தச் சுவிட்சால் எஞ்சினை நிறுத்தினால் போதும். தொடுமுனைகள் ஒன்றோடொன்று உரசித் தம்மைத் தாமே தேய்த்துக்கொள்ளும். பயன்படுத்தப்படுவதே ஒரு துலக்கல்.

ஒரு சுவிட்ச் நம் காலத்திலேயே மறைந்தும் போயிருக்கிறது. 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்பனையாகும் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கும் வசதியே இல்லை. எஞ்சின் ஓடினால் விளக்கு எரியும். எதிரே வருபவருக்குப் பகலிலும் வண்டி தெரிய வேண்டும் என்பது காரணம். சட்டம் சரிதான். அது வந்த புதிதில் சாலையில் நடந்ததை நான் மறக்கவில்லை. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் விரல்களைக் குவித்தும் விரித்தும் காட்டிக்கொண்டே போவார்கள்: லைட் எரியுது, லைட் எரியுது. பால்காரர் காட்டுவார், பஸ் கண்டக்டர் படியிலிருந்து காட்டுவார், பள்ளிச் சீருடையில் பின்சீட்டிலிருக்கும் குழந்தை காட்டும். முன்பின் தெரியாத ஒருவனின் பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்று ஓர் ஊரே கவலைப்பட்டது. சைட் ஸ்டாண்டை எடுக்காமல் போகிறவனைக் கத்திக் கூப்பிட்டு நிறுத்துவதும் அதே கவலைதான். சுவிட்ச் வருவதற்கு முன்னாலிருந்தே நம்மிடம் இருந்த சாலைப் பேச்சு அது. அந்தப் பேச்சில் நான் பெற்றது ஏராளம். திருப்பித் தர வேண்டிய ஓர் இரவில் என் சுவிட்ச் ஊமையாக இருந்தது.

இப்போது வரும் சுவிட்சுகள் பலவற்றில் திருகு இல்லை. பிளாஸ்டிக்கைச் சூட்டில் ஒட்டவைத்து மூடிவிடுகிறார்கள். தண்ணீர் எளிதில் புகாது என்பது உண்மை, முன்னேற்றம்தான். ஆனால் புகுந்துவிட்டால் வெளியேறவும் வழியில்லை. உள்ளே பார்க்கவும் வழியில்லை. முழு செட்டையும் தூக்கி எறிய வேண்டும். இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. அதில் எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. அந்த உரிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கணினியையும் கைப்பேசியையுமே நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு ஹாரன் பொத்தானின் அடியில் இரண்டு திருகு வைக்கச் சொல்வதிலிருந்து அதைத் தொடங்கலாம். பிஸ்கட் டின்னில் பழைய மூக்கு இருக்கிறது, ரப்பர் இருக்கிறது, கை இருக்கிறது. திறக்க ஒரு வழி மட்டும் வேண்டும்.

ஃபெங்கல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. கரையேறிய பிறகும் பல மணி நேரம் இடத்தைவிட்டு அசையவில்லை. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. தாழ்வான பகுதிகளில் வண்டிகள் சீட்டு வரை மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் எல்லாருக்கும் எஞ்சின் கவலை. ஆயில் மாற்றினார்கள், கார்புரேட்டர் கழற்றினார்கள், பிளக் துடைத்தார்கள். ஹேண்டில் பார் வெள்ளத்துக்கு மேலே நின்றது, அதனால் அதை யாரும் நினைக்கவில்லை. அதன்மேல் விடியவிடிய விழுந்த மழையைக் கணக்கில் எடுக்கவில்லை. தை பிறந்த பிறகு ஒவ்வொரு வண்டியாக ஹாரன் அடிக்காமலும் இண்டிகேட்டர் மின்னாமலும் வர ஆரம்பித்தன என்றார் அண்ணன். களிம்பு ஏற ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. யாரும் அதைப் புயல் சேதத்தில் சேர்ப்பதில்லை.

அன்று அவர் என்னிடம் வாங்கியது, ஒரு புது சுவிட்ச் செட்டின் விலையில் கால்பங்குகூட இல்லை. இரண்டரை மணி நேர வேலை. கூலி கேட்கவே தயங்கினார். "சாமான் ஒண்ணும் போடலையே தம்பி" என்றார். சாமான் போட்டால்தான் வேலை என்று அவரை நம்பவைத்தது யார் என்று தெரியவில்லை. அது தவறு. துலக்கியதற்குக் கூலி கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. கேட்காவிட்டாலும் கொடுக்கும் கடமை நமக்கு உண்டு.

புரட்டாசியிலோ ஐப்பசியிலோ ஆயுத பூசை வரும். வண்டியைத் தண்ணீர்க் குழாயால் பீய்ச்சி அடித்துக் கழுவுவோம், ஹேண்டில் பாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அந்தத் தண்ணீர் சுவிட்சுக்குள் போகும். அதற்குப் பின்னாலேயே மூன்று மாத மழை காத்திருக்கிறது. குழாயைச் சுவிட்சுக்கு நேரே பிடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். துடைத்த பிறகு, திறக்க முடிகிற பெட்டியாக இருந்தால், அடியிலுள்ள இரண்டு திருகைக் கழற்றி உள்ளே பச்சை தெரிகிறதா என்று பாருங்கள். பேட்டரி வயரைக் கழற்ற மறக்க வேண்டாம். டாங்கின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள், குண்டு எகிறும்.